இரவில வாற மெயிலுக்கு இரவிலயே பதில் போடவேணுமா?

இந்தமுறை திருகோணமலையில இருந்து ஒரு வாசகி எழுதின நீளமான கடிதத்துக்குத்தான் பதில். பெயர் போடவேண்டாம் எண்டு கேட்டவ, ஆளைப் பிடிக்கக்கூடிய ஒண்டிரண்டு விசயத்தையும் நான் மாத்தியிருக்கிறன்.

வயசு 34, ஒரு மகன். டவுனில சின்ன ட்ராவல்ஸ் ஒபிஸ் ஒண்டில வேலை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ரூம் புக் பண்ணுறது, வான் ஒழுங்கு பண்ணுறது, புறாத்தீவுக்கு போட் சொல்லிக் குடுக்கிறது எல்லாம் இவ தலையிலதான். முதலாளி குடும்பத்தோட டொரன்டோவில. ஒபிஸ் மெயில், சொந்த மெயில், வாட்ஸ்அப் எல்லாம் ஒரே போனில, வாசிக்காத மெயில் மட்டும் 14,000ஐத் தாண்டிட்டுது. ஜூலை மாசம் கொழும்பு கோட்டையில இருந்து இரவு ரெயினில வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், ஒரு நாள் முந்தி வாறம் எண்டு போட்ட மெயிலை இவ காணேல்ல. விடியக்காலமை வந்து இறங்கின சனம் ஸ்டேஷன் வாசலில பெட்டியளோட எட்டு மணி வரைக்கும் இருந்திருக்குது. முதலாளியிட்ட நல்ல ஏச்சு. அதுக்குப் பிறகு போன் தலைமாட்டிலதான், இரவில ரெண்டு மூண்டு தரம் எழும்பி மெயில் பாக்கிறா. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு கோணேசர் கோயிலுக்குப் போய் நிக்கேக்கையும் ஹாண்ட்பேக்குக்குள்ள போன் அதிருற மாதிரி இருக்குமாம், எடுத்துப் பாத்தா ஒண்டும் வந்திருக்காதாம். கேள்வி இதுதான்: "எனக்கு ஒழுங்கு எண்டதே இல்ல அக்கா, அதாலதான் இப்பிடி. எல்லா மெயிலையும் ஒரேயடியா அழிச்சிட்டு புதுசாத் தொடங்கட்டா, இல்லாட்டி வேலையை விடட்டா?" கடைசி வரியில மகன்ர வகுப்பு வாட்ஸ்அப் குரூப் பற்றியும் கேட்டிருக்கிறா.

தங்கச்சி, ஒழுங்கில்லாத ஆள் எண்டு உங்களை நீங்களே ஏசுறதை முதல்ல விடுங்கோ. நீங்கள் அனுப்பின ஸ்கிரீன்ஷொட்டை வடிவா பெரிசாக்கிப் பாத்தன். மேல இருக்கிற எட்டு மெயிலில ரெண்டு புக்கிங் சைட் தானா அனுப்புற உறுதிப்படுத்தல். ஒண்டு உடுப்புக்கடை சேல். ஒண்டு வேலைவாய்ப்பு விளம்பரம். ஒண்டு வங்கியில இருந்து. வான் டயர் மாத்துறதைப் பற்றி முதலாளியும் டிரைவரும் கணக்குப் பாக்கிற ஆளும் மாறி மாறி எழுதினது ரெண்டு, அதில உங்கட பெயர் சும்மா கூடச் சேத்து விட்டிருக்கு, உங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. ஏழாவதா, டயர் மெயில் ரெண்டுக்கும் நடுவில, ரெண்டு பேர் வாற ஞாயிறு ஸ்டேஷனுக்கு வான் வருமா எண்டு கேட்டிருக்கினம். அந்த ஒண்டுதான் உங்கட வேலை. எட்டில ஒண்டைத் தேடிப் பிடிக்கிறதுக்காக எட்டுக்கும் பதறவேண்டி இருக்கு, அதை இரவு பகலா செய்தா ஆருக்கும் களைக்கும்.

அதோட அந்த 14,000 எண்ட எண்ணிக்கையும் உங்கட நித்திரையைக் கெடுக்கேல்ல எண்டுதான் நான் நினைக்கிறன். உங்கட கடிதத்தில அந்த எண்ணிக்கை ஒரே ஒருக்காத்தான் வருது, ஸ்டேஷன் வாசல்ல இருந்த அந்தக் குடும்பம் நாலு இடத்தில வருது. இன்னொருக்கா அப்பிடி நடந்துடுமோ எண்ட பயம்தான் உங்களை இரவில எழுப்புது. இன்பொக்ஸை வெறுமையாக்கினாலும் அந்தப் பயம் அங்கயேதான் இருக்கும், நாளைக்கு வாற முதல் மெயிலோட திரும்பவும் தொடங்கும். அதால பயத்தில இருந்து தொடங்குவம், குவியலுக்குப் பிறகு வருவம்.

ஜூலையில என்ன நடந்தது

அந்த மெயில் ஏன் கண்ணில படேல்ல எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், ஆனா அதைக் கவனிக்கேல்ல. அவையள் புதுசா மெயில் போடேல்ல, மூண்டு மாசத்துக்கு முந்தி ரூம் விலை கேட்ட பழைய மெயிலுக்கு அடியில பதிலா எழுதியிருக்கினம், அதுவும் இரவு 9 மணிக்கு, ரெயின் ஏறப்போற நேரத்தில. விடிஞ்சா வந்து நிப்பினம். இதைப் பிடிக்கிறதெண்டா ஒரு மனிசர் இரவிரவா முழிச்சிருந்து மெயில் பாக்கவேணும், அப்பிடி ஒரு ஆளை உங்கட ஒபிஸ் வைக்கேல்ல, அதுக்குச் சம்பளமும் குடுக்கேல்ல. அப்ப அது உங்கட கவனக்குறைவில்ல, கடைசி நேர மாற்றத்தை ஆருக்கு எப்பிடிச் சொல்றது எண்டு விருந்தாளிகளுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, அதுதான் ஓட்டை.

அடைக்கிறது சுகம். நீங்கள் அனுப்புற ஒவ்வொரு புக்கிங் வவுச்சரிலயும், மெயிலுக்கு அடியில வாற உங்கட சிக்னேச்சரிலயும் ரெண்டு வரி போடுங்கோ: வாறதுக்கு 24 மணித்தியாலத்துக்குள்ள ஏதும் மாற்றம் எண்டா மெயில் போடவேண்டாம், இந்த நம்பருக்கு கோல் எடுங்கோ எண்டு. அந்த நம்பர் ஒபிஸ் நம்பரா இருக்கட்டும், இரவில அது டிரைவரிட்டயோ முதலாளி சொல்ற ஆளிட்டயோ இருக்கட்டும், உங்கட சொந்த நம்பரைப் போடவேண்டாம். அதோட ஒவ்வொரு நாளும் ஒபிஸ் பூட்ட முந்தி, நாளைக்கு வாற ஆக்களின்ர பெயரை மட்டும் மெயில்ல ஒருக்கா தேடிப் பாருங்கோ. நாலு பேர் எண்டா நாலு தேடல், அவ்வளவுதான். பழைய மெயிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிறதும் அதில வந்துடும். இந்த ரெண்டும் நடக்கத் தொடங்கினா, இரவில மெயில் பாக்காட்டியும் பெரிசா ஒண்டும் தவறாது எண்டது உங்களுக்கே கொஞ்சம் கொஞ்சமா நம்பிக்கை வரும். பயம் சொல்லிப் போறதில்ல, ஒண்டும் நடக்காத இரவுகளைக் கண்டுதான் போறது.

முதலாளியோட கதைக்கிறது

இதைத்தான் நீங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டு வாறியள், கடிதத்தில தெரியுது. கோடையில டொரன்டோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், அங்க குளிர்காலத்தில பத்தரை. அவர் மத்தியானம் சாப்பிட்டு வந்து ரெண்டு மணிக்கு மெயில் போட்டா இஞ்ச இரவு பதினொண்டரை. அவருக்கு அது வேலை நேரம், உங்களுக்கு நித்திரை நேரம். "இந்த நேரத்தில அனுப்புறார் எண்டா இப்பவே பதில் வேணும் எண்டுதானே" எண்டு எழுதியிருக்கிறியள். அப்பிடி இல்ல தங்கச்சி. லோரா கியூர்ஜ், வனேசா பொன்ஸ் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டவை. வேலை நேரத்துக்கு வெளிய அவசரமில்லாத மெயில் ஒண்டு வந்தா, அனுப்பினவர் எதிர்பாக்கிறதை விடக் கெதியாப் பதில் வேணும் எண்டு வாங்கினவை நினைக்கினம் எண்டதுதான் அதில கண்டது. உங்கட முதலாளி ஒருநாளும் "இரவே பதில் போடு" எண்டு சொன்னதா உங்கட கடிதத்தில இல்ல. ஏசினது ஸ்டேஷன் விசயத்துக்கு. நீங்களா அதை எல்லா மெயிலுக்கும் சேத்துக்கொண்டியள்.

முறைப்பாடா இல்லாம ஒரு ஒழுங்கைச் சொல்ற மாதிரி கதையுங்கோ. மெயிலில வேண்டாம், கோலில கதைச்சிட்டு பிறகு சுருக்கமா மெயிலில எழுதி அனுப்புங்கோ, பின்னுக்கு ஒரு கதை வந்தா அது கையில இருக்கும். இப்பிடிச் சொல்லலாம்:

"அண்ணா, நீங்கள் அனுப்புற மெயில் இஞ்ச இரவு பத்து பதினொண்டுக்குத்தான் வருது. காலமை எட்டரைக்கு ஒபிஸ் வந்த உடன முதல் வேலையா அதெல்லாத்துக்கும் பதில் போட்டிடுவன். நீங்கள் நித்திரையால எழும்பேக்க எல்லாம் உங்கட மெயிலில இருக்கும். அவசரம் எண்டா மட்டும் மெயில் போடாம கோல் எடுங்கோ, நான் எடுப்பன்."

நேர வித்தியாசம் இதில உங்களுக்கு உதவிதான், நீங்கள் காலமை பத்து மணிக்கு முடிச்சாலும் அவருக்கு அப்ப நடுச்சாமம், ஒரு மணித்தியாலமும் அவருக்கு வீணாப் போகேல்ல. இரவில எழுதினாலும் காலமை போய்ச் சேருற மாதிரி நேரம் குறிச்சு அனுப்புற வசதி ஜிமெயிலில 2019ல இருந்து இருக்கு, அதையும் அவருக்கு மெதுவாச் சொல்லலாம். கோல் எண்டா அவர் கண்டபடி எடுக்கமாட்டார் எண்டதையும் யோசியுங்கோ. மெயில் போடுறது லேசு, ஆளை இரவு பதினொண்டரைக்கு எழுப்பிக் கதைக்கிறதெண்டா ஒருக்கா யோசிப்பார்.

ஒரு பிழையான எண்ணத்தையும் திருத்தவேணும். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பு கொள்ளக்கூடாது எண்டு வெளிநாட்டில சட்டம் இருக்கு, முதலாளி கனடாக்காரர், அதால அது எனக்கும் பொருந்தும் எண்டு ஆரோ உங்களுக்குச் சொல்லியிருக்கினம். பிரான்ஸில 2017ல இருந்து அப்பிடி ஒரு உரிமை இருக்கிறது உண்மை, அவுஸ்திரேலியாவில 2024ல வந்தது. டொரன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில 2021ல வந்த சட்டம் 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற முதலாளிமார் இதைப் பற்றி எழுத்தில ஒரு கொள்கை வைக்கவேணும் எண்டு மட்டும்தான் சொல்லுது. நீங்கள் வேலை செய்யிறது திருகோணமலையில, உங்களுக்கு இலங்கைச் சட்டம்தான். இஞ்ச 1954ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல எண்டா ஓவர்டைம் ஒண்டரை மடங்கு. வீட்டில கட்டிலில இருந்து மெயில் பாத்ததை ஓவர்டைம் எண்டு காட்டுறது லேசான வேலையில்ல, அதையே முதல் ஆயுதமாத் தூக்கவேண்டாம். கதைச்சுப் பாத்தும் அவர் இரவிலயும் ஆள் வேணும் எண்டு நிண்டா, அப்ப முறை வைச்சு ஆள் மாறி மாறி இருக்கட்டும், அதுக்குக் காசும் இருக்கட்டும் எண்டு கேளுங்கோ. அதுக்கும் சரிவரேல்ல எண்டா நியமனக் கடிதத்தோட திருகோணமலை தொழில் அலுவலகத்துக்கு ஒருக்காப் போய் விசாரியுங்கோ, விசாரிக்கிறதால வேலை போகாது.

வேலையை விடுறது பற்றி: இப்ப வேண்டாம். ஒருக்காலும் விடக்கூடாது எண்டில்ல. ஆனா இந்தக் கதையை ஒருக்காவும் கதைச்சுப் பாக்காம விட்டா, அடுத்த ஒபிஸிலயும் போன் தலைமாட்டிலதான் இருக்கும். விடுறதா முடிவெடுத்தாலும் வேற வேலை கையில வந்த பிறகு, இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு ஒழுங்காக் கட்டுப்பட்டிருக்கா எண்டு பாத்திட்டு விடுங்கோ.

போன் எப்ப சத்தம் போடலாம்

எல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்டவேண்டாம். இந்தியாவில ஸ்மார்ட்போன் பாவிக்கிற ஆக்களை வைச்சு செய்து 2019ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு. நோட்டிபிகேஷனை நாளுக்கு மூண்டு தரம் மொத்தமா வாற மாதிரி வைச்ச ஆக்களுக்கு மனநிலை நல்லா இருந்தது, வேலையும் ஓடினது. ஒண்டுமே வராம நிப்பாட்டின ஆக்களுக்கு பதகளிப்புக் கூடினது, எதையோ தவறவிடுறம் எண்டு. உங்கட நிலைமையில அதுதான் நடக்கும். வான்கூவரில இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆக்கள் 124 பேரை வைச்சு செய்த இன்னொரு ஆய்வு 2015ல வந்தது, அதிலயும் ஒரு கிழமை நாளுக்கு மூண்டு தரம் மட்டும் மெயில் பாத்தவைக்கு மன அழுத்தம் குறைவா இருந்தது.

உங்கட வேலைக்கு சீசனில, அதாவது ஏப்ரலில இருந்து செப்டெம்பர் வரைக்கும், மூண்டு காணாது. காலமை வந்த உடன, பதினொண்டுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, பூட்ட முந்தி எண்டு நாலு தரம் வையுங்கோ. மழைக்காலத்தில ரெண்டே போதும். ஜிமெயில் அப்புக்குள்ள ஒவ்வொரு கணக்குக்கும் தனியா நோட்டிபிகேஷனை மாத்தலாம், ரெண்டுக்கும் நிப்பாட்டுங்கோ. அப்பில தெரியிற அந்தச் சிவப்புப் புள்ளியையும் எடுத்துவிடுங்கோ, அது சத்தம் போடாமலே ஆளைக் கூப்பிடுற சாமான். இரவு ஒன்பதில இருந்து காலமை ஆறு வரைக்கும் 'டு நொட் டிஸ்டேர்ப்' தானா வாற மாதிரி நேரம் போடுங்கோ. அதில முதலாளி, டிரைவர், உங்கட அம்மா மூண்டு பேரின்ர கோல் மட்டும் வரலாம் எண்டு குறிச்சு விடலாம். அன்ட்ரொயிட் போனில ஒரே ஆள் 15 நிமிசத்துக்குள்ள ரெண்டாந்தரம் எடுத்தா சத்தம் போடு எண்டும் ஒரு தெரிவு இருக்கு, அதையும் போட்டு வையுங்கோ. அப்ப உண்மையான அவசரத்துக்கு வழி திறந்திருக்கு எண்டது உங்கட மனசுக்குத் தெரியும். போனை தலைமாட்டில இருந்து எடுத்து குசினியில சார்ஜில போடுங்கோ, சத்தத்தைக் கூட்டி விட்டா கோல் வந்தாக் கேக்கும். விடிய எழும்ப அலாரம் வேணும் எண்டா ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கோ.

கோயிலில வந்த அந்த அதிர்வைப் பற்றிப் பயப்படவேண்டாம். போனையே எதிர்பாத்துக்கொண்டு இருக்கிற கனபேருக்கு அப்பிடித் தோன்றும், போன் கையை விட்டு விலக விலகக் குறையும்.

அந்த 14,000

அழிக்கவேண்டாம். ஒபிஸ் மெயிலில காசு கட்டின ரசீது, வவுச்சர், ஹொட்டல்காரரோட பேசின விலை எல்லாம் கிடக்கு, அது ஒபிஸின்ர சொத்து, உங்களுடையதில்ல. நாளைக்கு ஒரு கணக்கு வழக்கு வந்தா அழிச்ச ஆள் நீங்கள்தான் எண்டு வரும். ஆர்க்கைவ் பண்ணுங்கோ. ஆர்க்கைவ் எண்டா இன்பொக்ஸில இருந்து விலகும், ஆனா தேடினா வரும், ஆரும் அதுக்குப் பதில் போட்டா தானா இன்பொக்ஸுக்குத் திரும்பி வரும். முதல்ல கடைசி ரெண்டு கிழமை மெயிலை மட்டும் பாத்து, வேலை மிச்சம் இருக்கிறதுக்கு நட்சத்திரம் குத்துங்கோ. பிறகு போனில இல்லாம கம்பியூட்டரில ஜிமெயிலைத் திறந்து, மேல இருக்கிற சின்னப் பெட்டியில சரி போட்டா, இன்பொக்ஸில இருக்கிற எல்லாத்தையும் தெரிவு செய்யட்டா எண்டு ஒரு வரி கேக்கும், ஓம் எண்டு குடுத்து ஆர்க்கைவை அமத்துங்கோ. நட்சத்திரம் போட்டது 'ஸ்டார்ட்' (Starred) எண்ட இடத்தில அப்பிடியே இருக்கும். ஒரு மத்தியானத்தில முடிஞ்சிடும். 14,000ஐயும் ஒண்டொண்டா வாசிக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தியள் எண்டா, அந்தப் பாரத்தை இண்டைக்கே இறக்கி வையுங்கோ.

ஜிமெயிலில இடம் நிரம்பப்போகுது எண்டு ஒரு அறிவித்தல் வந்ததாவும் எழுதியிருந்தியள், அதைத்தான் முதல்ல கவனிக்கவேணும். இலவசமாக் கிடைக்கிற 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமில்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேத்துத்தான், முழுக்க நிரம்பினா வாற மெயில் திரும்பிப் போகும், விருந்தாளியின்ர மெயிலும்தான். அதால போட்டோ, வீடியோ, பெரிய பைல் இருக்கிற மெயில்களில வேண்டாததை எடுத்து விடுங்கோ. ஆனா அந்த அறிவித்தல் மெயிலில இருக்கிற லிங்கை அமத்தாதேங்கோ, கள்ளமா அப்பிடி அனுப்புற ஆக்களும் இருக்கினம். நீங்களே உங்கட கூகுள் கணக்குக்குள்ள போய் எவ்வளவு மிச்சம் எண்டு பாருங்கோ.

விளம்பர மெயிலுக்கு, அனுப்புற ஆளின்ர பெயருக்குப் பக்கத்தில 'அன்சப்ஸ்கிரைப்' இருக்கும். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புற கம்பனியள் ஒரே அமத்தில விலகுற வசதி வைக்கவேணும் எண்டு கூகுள் 2024ல இருந்து கட்டாயமாக்கினது, அதால தெரிஞ்ச கடை, தெரிஞ்ச கம்பனிக்கு அது வேலை செய்யும். லொத்தர் விழுந்தது, பார்சல் நிக்குது எண்டு வாற தெரியாத மெயிலில அதை அமத்தவேண்டாம், ஸ்பேம் எண்டு தள்ளுங்கோ. புக்கிங் சைட்டுகளை மொத்தமா நிப்பாட்டிடாதேங்கோ, அவையின்ர செட்டிங்க்ஸுக்குள்ள விளம்பரம் வேற, புக்கிங் தகவல் வேற எண்டு பிரிச்சிருக்கும். டயர் கதைக்கு உங்களைச் சேக்கவேண்டாம் எண்டு கணக்குப் பாக்கிறவரிட்ட வாயால சொல்லுங்கோ.

உடம்பு

நெஞ்சு படபடக்குது, மூண்டு மணிக்கு முழிச்சா பிறகு நித்திரை வராது எண்டு எழுதினதை நான் மனக்கவலை எண்டு மட்டும் எடுக்கமாட்டன். இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் கூட அப்பிடிச் செய்யும். ஒரு டொக்டரைக் கண்டு இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ. நான் சொன்ன மாற்றங்களைச் செய்தும் ரெண்டு மூண்டு கிழமையில நித்திரை திருந்தேல்ல எண்டாலோ, அழுகை வந்துகொண்டே இருந்தாலோ, பொது வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கோ. ஒருத்தரோட கதைச்சா போதும் எண்டிருந்தா 1926க்கு எடுங்கோ, அது தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர், இரவிலயும் ஆள் இருப்பினம்.

மகன்ர வகுப்பு குரூப்பை விட்டு வெளிய வந்தா மற்ற அம்மாமார் என்ன நினைப்பினம் எண்டு கேட்டிருந்தியள். வெளிய வரவேண்டாம், ஹோம்வேர்க்கும் லீவு அறிவித்தலும் அதிலதான் வருது. குரூப்பை மியூட்டில போடேக்க 'எப்பவும்' எண்டதைத் தெரிவு செய்யுங்கோ, நீங்கள் மியூட் பண்ணினது ஒருத்தருக்கும் தெரியாது. பின்னேரம் மகன் படிக்க இருக்கிற நேரம் ஒருக்காத் திறந்து ஆசிரியை போட்டதை மட்டும் பாருங்கோ, காலை வணக்கப் படங்களுக்குப் பதில் போடவேணும் எண்டில்ல.